பொருநைக் கரையில் மோசேயின் சட்டம்

திருநெல்வேலிச் சீமை மதம் மாறிய சீமை. சிலர் இதைப் பெருமையாகச் சொல்லுவர். சிலர் பழியாகச் சொல்லுவர். நாம் வரலாறாகச் சொல்லுகிறோம். பொதிகையிலே பிறந்து, பாபநாசத்திலே இறங்கி, பாளையங்கோட்டையைத் தொட்டு, புன்னைக்காயல் அருகே கடலோடு கலக்கும் பொருநை ஆறு, தன் கரைகளில் எத்தனையோ ஞானஸ்நானங்களைக் கண்டது. எத்தனையோ கலிமாக்களைக் கேட்டது. 16 ஆம் நூற்றாண்டிலே முத்துக்குளித்துறைப் பரதவர் கத்தோலிக்கராயினர். 1780 இல் பாளையங்கோட்டையிலே கிளாரிந்தா என்னும் பார்ப்பன விதவையைச் சுற்றிச் சீர்திருத்தச் சபை ஒன்று உருவாயிற்று. 1799 இல் பனையேறும் மக்களுக்காக முதலூர் என்ற புதிய ஊரே தோன்றிற்று. 1981 பிப்ரவரியிலே மீனாட்சிபுரத்துத் தாழ்த்தப்பட்ட மக்கள் இஸ்லாத்தைத் தழுவிய செய்தி டில்லியையே உலுக்கிற்று.

ஏன் மாறினர்? வானுலக ஆசையினாலா? வேதாந்த விசாரணையினாலா? இல்லை, தோழர்களே, இல்லை! தெருவிலே நிமிர்ந்து நடக்க மாறினர். தோளிலே துண்டு போட மாறினர். மகளின் மார்பை மறைக்கும் உரிமைக்காகத் தென் திருவிதாங்கூரிலே அடிபட்டு, 1859 இல் அரச விளம்பரம் ஒன்றைப் பெற்ற மக்களின் உறவினர்தாம் இந்தத் தேரிக்காட்டு மக்கள். அவர்கள் தேடியது சொர்க்கத்தின் திறவுகோலை அன்று. மனிதன் என்ற மதிப்பை!

இந்த நீண்ட வரலாற்றிலே ஒரு விந்தையான ஏடு உண்டு. படித்தவர் பலரும் புரட்டாத ஏடு அது. கிறித்துவத்துக்கு வந்தவர்களுள் ஒரு கூட்டம், கிறித்துவப் பாதிரிமார்களை உதறிவிட்டு, முன்னோக்கி நடவாமல் பின்னோக்கி நடந்து, யூதர்களின் மோசேயைப் போய் அடைந்தது. ஞாயிற்றுக்கிழமையை விட்டது, சனிக்கிழமையைப் பிடித்தது. நாசரேத்துக்கு அருகே, பிரகாசபுரத்திலே, பனங்காட்டு மணலிலே, எருசலேமின் சட்டம் நடப்பட்டது. அந்த நடவைப் பற்றியதே இக்கட்டுரை. யூத சமயத்திலே சேரும் வைதீக முறையையும் அதனோடு சேர்த்து எடைபோட விரும்புகிறோம். "யூத சமயம் ஆள் பிடிப்பதில்லை, ஆசை காட்டுவதில்லை, ஆகவே அது பகுத்தறிவுக்கு அண்டை வீடு" என்று சொல்லித் திரிவோர் நம்மிடையேயும் உண்டு. அண்டை வீடா, அயல் வீடா, பார்த்துவிடுவோம்.

சட்டாம்பிள்ளையின் கலகம்

அருமைநாயகம் என்பது அவர் பெயர். சட்டாம்பிள்ளை என்ற பள்ளிக்கூடப் பட்டமே பெயராக நிலைத்துவிட்டது. 1823 இல் பிறந்து 1918 இல் மறைந்தவர். சாயர்புரத்திலே ஜி. யு. போப் நடத்திய செமினரியிலே பயின்றவர். எபிரேயமும் கிரேக்கமும் அறிந்தவர். மிசனிலே உபதேசியாராக இருந்து, வெள்ளைப் பாதிரியாரோடு முரண்பட்டு, வேலையை இழந்தவர். வேலை போயிற்று, வணக்கம் போடும் கட்டாயமும் அதோடு போயிற்று!

அக்காலத்திலே, 1849 இல், திருநெல்வேலியின் பனையேறும் மக்களைப் பற்றி ஆங்கிலத்திலே ஒரு சிறுநூல் வெளிவந்தது. அம்மக்களை அறிவிலே மந்தமானவர்கள், பேய்களை வணங்குவோர், இலங்கையிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்றெல்லாம் அந்நூல் வருணித்தது. எழுதியவர் யார்? இடையன்குடிக் கால்டுவெல்!

ஆம், நம் கால்டுவெல்தான். 1856 இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைத் தந்து, தமிழ் வடமொழியின் கிளையன்று, தனிக் குடும்பத்தின் தலைமகள் என்று நிலைநாட்டியவர். எபிரேய விவிலியத்திலே, சாலமோனின் கப்பல்கள் கொணர்ந்த மயிலைக் குறிக்கும் 'துகி' என்ற சொல் தமிழ்த் 'தோகை'யே என்று எடுத்துக் காட்டியவர். சென்னைக் கடற்கரையிலே 1968 இல் சிலை வைத்து நாம் நன்றி செலுத்திய பெருமகன். அந்தக் கைதான் 1849 இல் இந்த நூலையும் எழுதிற்று. நன்றி வேறு, நடுநிலை வேறு. தமிழின் தொன்மையைக் கண்ட கண்கள், தமிழ் பேசிய உழைப்பாளியின் தன்மானத்தைக் காணவில்லை. இதைச் சொல்ல நாம் தயங்கினால், புராணிகனுக்கும் நமக்கும் என்ன வேற்றுமை?

சட்டாம்பிள்ளை தயங்கவில்லை. அந்நூலை எதிர்த்துத் தம் மக்களிடையே கிளர்ச்சியை மூட்டினார். 1857 இல், வடக்கே சிப்பாய்கள் துப்பாக்கி தூக்கிய அதே ஆண்டிலே, தெற்கே இவர் தனிச் சபை கண்டார். இந்து கிறித்தவச் சபை என்று அதற்குப் பெயர். வெள்ளையர் பணம் வேண்டா. வெள்ளையர் மேற்பார்வை வேண்டா. அபிஷேகம் பெற்ற குருமார் கூட்டமும் வேண்டா. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் வழக்கம் நீங்கியது. நற்கருணையிலே புளித்த திராட்சை மதுவுக்குப் பதில் புளிக்காத திராட்சைச் சாறு வந்தது. ஞாயிறு போய்ச் சனி ஓய்வுநாளாயிற்று. யூதத் திருநாள்கள் வந்தன, தூபம் வந்தது, தரையிலே விழுந்து வணங்குதல் வந்தது. ஐரோப்பிய வாடை வீசிய எதுவும் வாசற்படிக்கு வெளியே நிறுத்தப்பட்டது.

இச்செயலின் உட்பொருளை நாம் இவ்வாறு படிக்கிறோம்: இயேசு ஐரோப்பியர் அல்லர்; ஆசியாவிலே பிறந்த யூதர். ஆசியாக்காரனாகிய தமிழன், ஆசியாக்காரராகிய இயேசுவை வணங்க, இடையிலே இங்கிலாந்துக்காரன் எதற்கு? தரகனை நீக்கினால் சரக்கின் விலை குறையும் என்பது சந்தைக்குப் போகிற எவனுக்கும் தெரிந்த கணக்கு. அந்தக் கணக்கையே சட்டாம்பிள்ளை கோவிலுக்குள்ளே போட்டார். தரகனை நீக்கினார். ஆனால், சரக்கைச் சோதித்தாரா? அதுவே நமது வினா.

வாயிலில் நிற்கும் மூவர்

சோதிக்குமுன், சரக்கு உண்மையிலே எங்கிருந்து வருகிறதோ அந்தக் கடைக்கே போவோம். வைதீக யூத சமயத்திலே ஒருவர் சேருவது எப்படி?

சேர விரும்புபவரை ரப்பி எனப்படும் சமய அறிஞர் முதலிலே வரவேற்பதில்லை, திருப்பி அனுப்புகிறார். மும்முறை திருப்பி அனுப்புவது பழைய வழக்கம். "இந்த இனம் துன்புறும் இனம், துரத்தப்படும் இனம், இதிலே சேர ஏன் வருகிறாய்?" என்ற கருத்திலே கேள்வி தொடுக்க வேண்டும் என்று தல்மூது என்னும் சட்டப் பெருநூல் விதிக்கிறது. அறிந்தே வருகிறேன் என்று அவர் உறுதி கூறினால், கட்டளைகளுள் எளியன சிலவும் கடியன சிலவும் சொல்லப்படும். மீறினால் தண்டனை என்பதும், காத்தால் நற்பேறு என்பதும் சொல்லப்படும். அதற்குமேல் அவரை மிரட்டலாகாது, மிகைப்படுத்தலாகாது என்றும் அந்நூலே வரம்பு கட்டுகிறது. அதன்பின் கல்வி. இக்காலத்திலே பெரும்பாலும் ஓராண்டு, ஈராண்டு என நீளும் கல்வி. எந்த இறைச்சியை எப்படி உண்பது, பாலையும் இறைச்சியையும் எப்படிப் பிரிப்பது, வெள்ளி மாலை கதிரவன் மறைந்ததும் எந்தெந்த வேலையை நிறுத்துவது என்று வாழ்வின் ஒவ்வொரு நாழிகைக்கும் சட்டம். மரபுக் கணக்கிலே கட்டளைகள் மொத்தம் 613!

கல்வி முடிந்ததும் மூவர் அமர்ந்த சமய நீதிமன்றம். அதன்முன் நின்று, கட்டளைகளை ஏற்கிறேன் என்று சொல்ல வேண்டும். ஆணாயின் விருத்தசேதனம், முன்பே செய்துகொண்டவராயின் அடையாளமாக ஒரு துளிக் குருதி. பின்னர், ஆணாயினும் பெண்ணாயினும், நீரிலே முழுக்கு. அந்த நீர் குழாய் நீராக இருத்தலாகாது. மழையோ ஊற்றோ தந்த இயற்கை நீராக இருத்தல் வேண்டும். உடலிலே ஒரு மயிரிழை இடமும் நனையாமல் இருத்தலாகாது. எழுந்தவர் புதிதாய்ப் பிறந்த குழந்தைக்கு ஒப்பாவார் என்பது சட்டம். புதுப் பெயர் வரும். அப்பெயரோடு ஆபிரகாமின் மகன், ஆபிரகாமின் மகள் என்ற தந்தைப் பெயரும் வரும்.

இதிலே நமக்குப் பிடித்த கூறுகள் உண்டு. அவற்றை மறைப்பது நமது வழக்கமன்று. முதலாவது, ஆசை காட்டாமை. சேராவிட்டால் நரகம் என்று அச்சுறுத்துவதில்லை. கொலை, களவு விலக்கி நீதிமன்றம் நிறுவி வாழ்தல் முதலிய ஏழு நெறிகளைக் காக்கும் அயலானுக்கும் நற்கதி உண்டு என்கிறது அச்சமயம். இந்த அடக்கத்துக்கு அரசியல் காரணமும் உண்டு. கிறித்துவ ரோமும் பிற்கால அரசுகள் பலவும் யூதத்துக்கு மாறுவதையும் மாற்றுவதையும் கொடிய குற்றமாக்கின. கட்டாயத்தாலே வந்த பண்பாயினும் பண்பு பண்பே.

இரண்டாவது, அதனினும் சிறந்தது. சேர்ந்துவிட்ட ஒருவரிடம் அவருடைய பழைய பிறப்பைச் சுட்டிக் காட்டலாகாது. உன் முன்னோர் செய்ததை நினைத்துப் பார் என்று குத்திப் பேசலாகாது. பேசினால் பாவம்! 12 ஆம் நூற்றாண்டிலே ஒபதியா என்ற புதியவர் மைமோனிதீசு என்னும் பேரறிஞருக்கு எழுதிக் கேட்டார்: தொழுகையிலே 'எங்கள் முன்னோரின் கடவுளே' என்று நானும் சொல்லலாமா? தாராளமாகச் சொல்லலாம், உமக்கும் எமக்கும் வேற்றுமை இல்லை என்பது மைமோனிதீசின் விடை. நம் நாட்டிலே மதம் மாறிய தலைமுறை மண்ணுக்குப் போன பின்னும், மூன்றாம் தலைமுறைப் பேரனிடம் "நீங்கள் முன்னே என்ன ஆட்கள்?" என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்வியை அவர்களின் சட்டம் குற்றமாக்கிவிட்டது. அந்த ஒரு விதிக்காக அந்நூலாரைப் பாராட்டுகிறோம்.

ஆனால், விதி வேறு, வீதி வேறு. விதியை எழுதிய கைகள் கதையை எப்படி எழுதின என்று பார்த்தாலே இது விளங்கும்.

ரூத்தின் கதை சொல்வது என்ன?

சமயம் மாறியவருக்கு யூத மரபு காட்டும் முன்மாதிரி ரூத். தமிழ் விவிலியத்திலே நான்கே அதிகாரங்கள். பஞ்சம் பிழைக்க மோவாபு நாட்டுக்குப் போன நகோமி, கணவனையும் இரு மக்களையும் பறிகொடுத்துத் திரும்புகிறாள். மருமகள் ரூத் மோவாபியப் பெண். திரும்பிப் போ, திரும்பிப் போ என்று மாமியார் தடுத்தும் போகாமல், உம் மக்களே என் மக்கள் என்னும் பொருள்படப் பேசி உடன் வருகிறாள். கதிர் பொறுக்குகிறாள், போவாசை மணக்கிறாள், தாவீது அரசனுக்குப் பாட்டன் வழியிலே மூதாட்டியாகிறாள். நாமும் சுவைத்துப் படித்த கதைதான். உழைக்கும் பெண்கள் இருவரின் அன்பை, ஆடம்பரமின்றி, அறுவடை வயலின் மணத்தோடு சொல்லும் நல்ல இலக்கியம் அது.

ஆயினும் திறனாய்வாளன் சொற்களை எண்ண வேண்டும். ரூத் தன் உறுதிமொழியைச் சொல்லிவிட்டாள். அதற்குப் பின்னும் கதையாசிரியன் அவளை எப்படி அழைக்கிறான்? மோவாபியப் பெண்ணாகிய ரூத்! ஊருக்குள் நுழையும்போது மோவாபியள். வயலிலே வேலைக்காரன் அவளைக் குறிப்பிடும்போது மோவாபியள். மணம் பேசும் ஊர்வாயிலிலும் மோவாபியள். திருமணம் முடிந்து, பிள்ளை பிறக்கும் கட்டத்திலே அந்த அடைமொழி இல்லை. பிறந்த பிள்ளையையோ, அண்டை வீட்டுப் பெண்கள், நகோமிக்குப் பிள்ளை பிறந்தது என்கிறார்கள்! மோவாபியர் பத்துத் தலைமுறைக்கும் சபையிலே சேரலாகாது என்று மோசேயின் சட்டம் சொல்லுகிறது. அத்தடை ஆண்களுக்கே, பெண்களுக்கு அன்று என்று பிற்கால உரையாசிரியர்கள் வழி கண்டுபிடித்தனர். தடையையும் கடவுள் பெயரால் போட்டு, தளர்வையும் கடவுள் பெயரால் தருவது எல்லா நாட்டு உரையாசிரியர்களுக்கும் கைவந்த கலை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ரூத் எந்த மூவர் முன்னும் நிற்கவில்லை. எந்தக் குளத்திலும் முழுகியதாகக் கதை சொல்லவில்லை. ஒரு சொல் சொன்னாள், அச்சொல்லின்படி நடந்தாள், அவ்வளவே. முன்மாதிரி எனப்படுபவள் தேர்வு எழுதவில்லை. அவளைப் பின்பற்ற வருபவர்களுக்கு மட்டும் 613 வினாக்கள்!

எடுத்ததும் விட்டதும்

இப்போது பிரகாசபுரத்துக்குத் திரும்புவோம். சட்டாம்பிள்ளையும் ரூத்தைப் போலவே வாயிற்காவலரைக் கேட்கவில்லை. அவர் சபை எந்த யூத நீதிமன்றத்தின் முன்னும் போய் நிற்கவில்லை. இயேசுவை ஆண்டவர் என்று ஏற்றது அச்சபை. ஆதலால் வைதீக யூதர் கண்ணிலே அது யூதமும் அன்று. சனியைக் கைக்கொண்டதனாலே பாதிரிமார் கண்ணிலே அது கிறித்துவமும் அன்று. பொருநைக் கரைக்காரன், எருசலேமையும் கேளாமல், கான்டர்பரியையும் கேளாமல், என் வழிபாட்டை நானே வகுப்பேன் என்றான். இந்தத் துணிவை நாம் தலைவணங்கிப் போற்றுகிறோம். முறையான மதமாற்றத்திலே, நீ தகுதியுடையவன் என்று பிறர் சான்று தரவேண்டும். அந்தச் சான்றிதழுக்காகக் கைநீட்ட மறுத்தவர் சட்டாம்பிள்ளை. தன்மானம் என்ற சொல் மேடையேறுவதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாக முன்னரே அதைச் செயலிலே காட்டியவர்களுள் அவரும் ஒருவர்.

போற்றுதல் இத்தோடு நிற்கட்டும். அவர் எடுத்தது எது?

முதலிலே தூய்மைச் சட்டத்தை எடுத்தார். லேவியராகமம் என்ற நூல், உடலைத் தீட்டு, தீட்டின்மை என்று கூறுபோடும் நூல். மாதவிலக்கான பெண் ஏழு நாள் தீட்டு. அவள் தொட்ட படுக்கை தீட்டு. அவள் அமர்ந்த இருக்கை தீட்டு. அதைத் தொட்டவன் மாலைவரை தீட்டு! இதைப் படிக்கும்போது உங்களுக்கு வேறு ஏதாவது நினைவுக்கு வருகிறதா? நமக்கு வருகிறது. இந்த மண்ணிலே மனுவின் பெயரால் நடந்த அதே நாடகம்; வேடம் மட்டும் வேறு. குடத்தைத் தொட்டால் தீட்டு, கோவில் நிழலிலே நின்றால் தீட்டு என்று விரட்டப்பட்ட மக்கள், அந்தக் கொடுமையிலிருந்து தப்பிக் கிறித்துவத்துக்கு ஓடினார்கள். அங்கிருந்தும் வெளியேறி, தமக்கென்று ஒரு வீடு கட்டியபோது, அந்த வீட்டுக்குள்ளே தீட்டு என்ற சொல்லைத் தாமே கொண்டுபோய் வைத்தார்கள். வெளியே யாரால் ஒதுக்கப்பட்டோமோ அவர்களை எதிர்த்தார்கள். வீட்டுக்குள் யாரை ஒதுக்கலாம் என்று தேடினார்கள். கிடைத்தவள் பெண்!

வைதீக யூதத்திலே முறையாகச் சேரும் பெண்ணின் நிலையும் இதுவே. மாதந்தோறும் விலகியிருந்து, முழுகிய பிறகே கணவனை அணுகும் சட்டத்தையும் அவள் ஏற்கவேண்டும். தீர்ப்பளிக்கும் மூவரும் ஆண்களே. புதிதாய்ப் பிறந்த குழந்தைக்கு ஒப்பு என்று வாழ்த்தப்பட்ட அவள், ஆரோனின் வழிவந்த குருகுலத்தானை மணக்கலாகாது என்ற தடையும் உண்டு. பழம்பிறப்பை நினைவூட்டலாகாது என்ற சட்டமே, மணப்பந்தல் வாயிலிலே நின்று பழம்பிறப்பை நினைவூட்டுகிறது.

அடுத்து, சட்டாம்பிள்ளை எடுத்தது குலப்பெருமை. தம் மக்கள் தாழ்ந்தவர்கள் அல்லர் என்று சொன்னார், சரி. ஏன் தாழ்ந்தவர்கள் அல்லர்? மனிதர்கள் ஆதலால் என்று சொல்லியிருந்தால், மாலை சூட்டியிருப்போம். சத்திரிய வழிவந்தவர்கள் ஆதலால் என்றார். அங்கேதான் அடி சறுக்கிற்று. ஏணி தவறு என்று சொல்லவில்லை. ஏணியிலே எங்களுக்குக் காட்டப்பட்ட படி தவறு என்றார். சத்திரியன் ஒருவன் உயர வேண்டுமானால், அவன் காலுக்குக் கீழே யாரோ இருந்தாக வேண்டுமே! அந்த யாரோ யார்? பனைமரத்துக்கும் ஏறாதவனாக, வயற்சேற்றிலே நின்ற இன்னொரு தமிழன் அல்லவா?

இதற்காக அம்மக்களைப் பழிக்கிறோமா? பழிக்கவில்லை. பசித்தவன் கையிலே கிடைத்த உணவை உண்பான். அக்காலத்திலே அவர்கள் கையிலே கிடைத்த நூல் விவிலியம் ஒன்றே. வெள்ளையன் மறுக்க முடியாத ஆயுதம் வெள்ளையன் தந்த நூலுக்குள்ளேயே இருந்தது. அதை எடுத்து வீசினர். ஆயினும் ஆயுதத்துக்கு இரு முனை உண்டு. ஒரு முனை பாதிரியின் ஆணவத்தைக் குத்திற்று. மறு முனை வீட்டுப் பெண்ணைக் கீறிற்று.

ஏடும் நாடும்

"சட்டாம்பிள்ளை முறையாகச் சேரவில்லை, முறையாகச் சேர்ந்திருந்தால் சமத்துவம் கிடைத்திருக்கும்" என்று வாதாடுவோர் இருக்கலாம். அவர்களைச் செங்கோட்டைக் கணவாய் வழியே மலை தாண்டிக் கொச்சிக்கு அழைத்துச் செல்கிறோம்.

கொச்சியிலே 1568 இல் எழுந்த பரதேசி யூதச் செபஆலயம் இன்றும் நிற்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய பரதேசி யூதர், தங்களைவிடத் தொன்மையான மலபார் யூதரைக் கறுப்பர் என்று ஒதுக்கினர். தங்கள் இல்லத்திலே அடிமைகளாக இருந்து, சமயத்திலே சேர்க்கப்பட்டு, விடுதலை பெற்றவர்களின் வழித்தோன்றல்களைச் செபஆலயத்தின் உள்ளே சமமாக அமரவிடவில்லை. முறைப்படி முழுகினால் வேற்றுமை இல்லை என்று சட்டம் சொல்லுகிறதே? சொல்லுகிறது. 16 ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோவிலிருந்த தாவீது இபின் சிம்ரா என்ற ரப்பியிடம் கொச்சியின் வழக்கு போயிற்று. முறையாகச் சேர்த்துக் கொண்டால் பெண் கொடுத்துப் பெண் எடுக்கலாம் என்பது அவர் தீர்ப்பு. தீர்ப்பு கெய்ரோவிலிருந்து வந்தது. சாதி கொச்சியிலேயே இருந்தது! ஒதுக்கப்பட்ட அந்தக் கூட்டத்திலே பிறந்த ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967) என்ற வழக்கறிஞர், 20 ஆம் நூற்றாண்டிலே அந்தச் செபஆலயத்துக்கு எதிராகவே சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. யூத காந்தி என்று அவரை மக்கள் அழைத்தனர்.

கொச்சி தூரம் என்பவர்கள் நம் வடக்கன்குளத்துக்கு வரட்டும். 1872 இல் அங்கே கட்டப்பட்ட கத்தோலிக்கக் கோவிலுக்கு இரண்டு கூடங்கள். நடுவிலே ஒரு சுவர். வேளாளர் ஒரு பக்கம், நாடார் மறு பக்கம். பீடம் ஒன்று, பூசை ஒன்று, பிதா ஒருவர்; பிள்ளைகள் மட்டும் இருவேறு! 1910 இல்தான் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது; அதற்கும் வழக்காடினார்கள். ஞானஸ்நான நீர் கழுவாத சாதியை முழுக்குக் குளத்து நீர் கழுவிவிடுமா?

நவீன அரசு வந்தும் வாயிற்காவல் ஓயவில்லை. இசுரேல் 1950 இல் திரும்பி வருவோர் சட்டம் இயற்றி, யூதர் எல்லாரும் வரலாம் என்றது. 1970 இன் திருத்தம், யூதத் தாய்க்குப் பிறந்தவர் அல்லது சமயம் மாறியவரே யூதர் என்று வரையறுத்தது. பம்பாய்ப் பக்கத்துப் பெனே இசுரேலர் அங்கே சென்றனர். 1962 வாக்கிலே, அவர்கள் மணம் செய்ய வந்தால் தலைமுறைகளைத் துருவி ஆராய வேண்டும் என்று தலைமை ரப்பி மன்றம் பணித்தது. அவர்கள் தெருவிலே இறங்கிப் போராடினர். 1964 இலே நாடாளுமன்றம், அவர்கள் எல்லா வகையிலும் யூதரே என்று அறிவிக்க நேர்ந்தது. மணிப்பூர், மிசோரம் மலைகளின் பெனே மெனாசே மக்களை 2005 இல் தலைமை ரப்பி ஒருவர் இசுரேலின் வழித்தோன்றல்கள் என்று ஏற்றார். ஏற்றும், முறையான மதமாற்றம் முடித்தே குடியுரிமை என்றாயிற்று. ஆந்திரத்திலே குண்டூர்ப் பக்கம், மாதிகர் என்று ஒதுக்கப்பட்ட உழைப்பாளிகள் சிலர், பெனே எப்பிராயீம் என்று தங்களை 1980களின் இறுதியிலே அறிவித்தனர். பிரகாசபுரத்தின் ஏக்கமும் குண்டூரின் ஏக்கமும் ஒரே ஏக்கம்: எந்தக் குலத்தின் பெயரைச் சொன்னால் எங்களை மனிதராக மதிப்பீர்கள்?

எந்தச் சமயத்தவராயினும், வாயில் ஒன்றைக் கட்டியவுடனே அங்கே ஒரு காவலன் முளைக்கிறான். காவலன் முளைத்தவுடனே, உள்ளே வந்தவனைப் பார்த்து நீ எந்த வழியாக வந்தாய் என்று கேட்கிறான். யூதரை மட்டும் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஐரோப்பாவிலே பிறப்பு ஒன்றையே குற்றமாக்கி, அறுபது இலட்சம் யூதரைக் கொன்ற கொடுமையை அறிந்தவர்கள் நாம். பிறப்பைக் கேட்கும் கேள்வியால் மிக அதிகம் துன்புற்ற இனம் அது. அவர்களிடையேயும் அக்கேள்வி ஒழியவில்லை என்றால், அந்தக் கேள்வியின் வேர் எவ்வளவு ஆழம் என்று எண்ணிப் பாருங்கள்.

தீர்ப்பு

சமயம் மாறும் உரிமை மனிதனின் உரிமை. அதை எந்தச் சட்டமும் பறிக்கலாகாது; மீனாட்சிபுரத்தைக் காட்டி மிரட்டுவோரிடம் இதை உரக்கச் சொல்லுவோம். இழிவைச் சுமக்க மறுத்து ஒருவன் வீடு மாறுகிறான் என்றால், குற்றவாளி வீடு மாறியவன் அல்லன். அவனை அந்த வீட்டிலே திண்ணைக்கும் ஏற்றாதவன்தான் குற்றவாளி. ஆனால், வீடு மாறும் தோழனுக்கு நாம் சொல்லக்கூடிய நல்லுரை ஒன்று உண்டு. புது வீட்டின் கூரையைப் பாராதே, கோபுரத்தைப் பாராதே. உன் தாயும் தங்கையும் மாதத்திலே சில நாள் எங்கே உட்கார வைக்கப்படுகிறார்கள் என்று பார். உன் மகனுக்குப் பெண் கேட்டுப் போனால் என்ன வினா எழுகிறது என்று பார். பிடிக்காவிட்டால் வெளியேறக் கதவு திறந்திருக்கிறதா என்று பார்.

சட்டாம்பிள்ளை ஒரு கதவைத் திறந்தார். அது பெரும் பணி. இன்று தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்துவிட்ட அந்த நாசரேத்துப் பகுதியிலே, பாதிரியின் முன் கைகட்டி நின்ற தலைமுறைக்கு, கையை அவிழ்க்கக் கற்றுக் கொடுத்தார். அவிழ்த்த கையிலே பழைய சட்டத்தின் பலகையை எடுத்துக் கொண்டார்; அது குறை. நாம் அவரிடமிருந்து எடுக்க வேண்டியது அவிழ்த்த கையை; விட வேண்டியது அந்தப் பலகையை.

புதிதாய்ப் பிறந்தால்தான் மனிதன் என்கிறது வைதீகம், எந்த மொழியிலே பேசினாலும். தோழர்களே, நாம் ஏற்கெனவே பிறந்துவிட்டோம்! ஒருமுறை பிறந்தது போதும். அந்த ஒரு பிறப்பையே, பெண்ணுக்கும் ஆணுக்கும், பனையேறியவனுக்கும் பள்ளத்திலே உழுதவனுக்கும், பழுதற்ற முழுப் பிறப்பாக ஏற்கும் சமுதாயத்தை ஆக்குவதே நமது வேலை. பொருநை ஆறு தன்னிடம் முழுக வந்தவனை நீ யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டவர்கள் எல்லாரும் கரையிலே நின்றவர்கள்தாம்.